மராமத்து இலாகாவிலிருந்து நீர்வளத்துறை வரை

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: “எங்கள் ஊர் ஏரிக்கரையில் ‘பொ.ப.து.’ என்று செதுக்கிய கல் ஒன்று நிற்கிறது. ஏரிக்குப் புதிதாக வைத்த போர்டில் ‘நீர்வளத்துறை’ என்று எழுதியிருக்கிறார்கள். தாத்தாவோ இன்னும் ‘மராமத்து இலாகா’ என்றுதான் சொல்கிறார். மூன்றும் ஒன்றா? பொதுப்பணித்துறை எப்போது, எப்படி வந்தது? இப்போது அது இருக்கிறதா, இல்லையா?”

தாத்தா சொல்வதும் சரி, கல்லும் சரி, போர்டும் சரி. ஒரே வீட்டுக்கு மூன்று காலத்தில் மூன்று பெயர். பொதுப்பணித்துறை இன்றும் இருக்கிறது. ஆனால் உங்கள் ஏரி இப்போது அதன் கையில் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். நான் இந்தத் துறையில் பிரிவுப் பொறியாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவன். ஆபீஸில் கேட்டதும் படித்ததும் கரையில் நின்று பார்த்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர். ‘மராமத்து’ என்பது அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம் கச்சேரிகளுக்குள் வந்த சொல். பழுதுபார்ப்பது என்று அர்த்தம். இந்தத் துறையின் மூலப்பெயரிலேயே புதிதாகக் கட்டுவது பற்றி ஒன்றும் கிடையாது, இருப்பதைச் சரிசெய்வது பற்றித்தான் பேச்சு. அது காரணமில்லாமல் வந்ததல்ல. கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் இங்கே ஆட்சிக்கு வந்தபோது ஏரிகளும் கால்வாய்களும் அணைகளும் ஏற்கெனவே இருந்தன. சோழரும் பாண்டியரும் நாயக்கரும் வெட்டி வைத்தவை. நில வரி வர வேண்டுமென்றால் வயலில் விளைய வேண்டும், விளைய வேண்டுமென்றால் ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். அதனால் சர்க்காருக்கு வந்த முதல் வேலையே ஏரிக்கரையை அடைப்பதுதான்.

அதற்கு முன்னால் அதை யார் செய்தார்கள்? ஊர் செய்தது. அதுதான் குடிமராமத்து. மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு கிளம்பி, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர் எடுப்பார்கள், மதகுக்கு முன்னால் சேர்ந்த வண்டலை வாருவார்கள், கரையில் முளைத்த செடிகொடியை வெட்டுவார்கள். கல் கட்டடம், உபரி நீர் வழியும் கலிங்கு போன்ற பெரிய வேலை சர்க்கார் பொறுப்பு, மண்வேலை ஊர்ப் பொறுப்பு என்று ஒரு வழக்கம் இருந்தது. வரி வசூல் பணமாக மாறி, ஊரின் கையிலிருந்த மானியங்களும் பங்குகளும் கைமாறியபோது இந்த வழக்கமும் தளர்ந்துபோனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மதராஸ் ராஜதானியில் பொதுவேலைகளைப் பார்க்க மூன்று இடங்கள் இருந்தன. பாசன வேலை ரெவினியூ போர்டிடம், அதாவது கலெக்டர்கள் கையில். ராணுவக் கட்டடங்களும் வேறு பல கட்டடங்களும் மிலிட்டரி போர்டிடம். பெருஞ்சாலைகள், சாலைகளுக்கென்று இருந்த ஒரு கண்காணிப்பாளரிடம். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. கலெக்டருக்கோ வரி பிரிக்கவே நேரம் போதாது. இந்த நிலைமையை விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்து, அது 1852-ல் அறிக்கை கொடுத்தது. ஏரிகளும் கால்வாய்களும் எவ்வளவு மோசமாகப் பராமரிக்கப்படுகின்றன என்பதை அந்த அறிக்கை பக்கம் பக்கமாகச் சொன்னது. 1854-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி கல்கத்தாவில் மத்திய அளவில் ஒரு பொதுப்பணித்துறையை ஏற்படுத்தினார். 1858-ல் மதராஸில் மூன்று கிளையும் ஒன்றாகி, ஒரு தலைமைப் பொறியாளரின் கீழ் பொதுப்பணித்துறை பிறந்தது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த வருடம்தான்.

அதே 1858-ல் இன்னொன்றும் நடந்தது. மதராஸ் ராஜதானியில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. அந்த வருடத்தின் முதல் சட்டமே அதுதான். வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு அழைக்கலாம், வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைச் செய்யாதவர்களிடம் அதற்கான தொகையை வசூலிக்கலாம் என்றது சட்டம். ஒரு கையால் பொறியாளர்களின் துறையை உண்டாக்கி, மறு கையால் ஊரின் பழைய வழக்கத்தைச் சட்டமாக எழுதினார்கள். வழக்கமாக இருந்தவரை ஊர்கூடிச் செய்தார்கள். சட்டமாக எழுதிய பிறகு அது மெல்ல மெல்ல ‘சர்க்கார் வேலை’ ஆகிவிட்டது. ‘ஏரி நம்முடையது’ என்ற நினைப்பு ‘ஏரி பி.டபிள்யூ.டி.யுடையது’ என்று மாறத் தொடங்கியது இங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கிடையே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மேலணை கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பொதுப்பணித்துறையின் ஆள் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் காவிரியில் வேலை பார்த்தது இந்தத் துறை பிறப்பதற்கு இருபது வருடம் முன்னால். அந்தக் காலத்தில் காவிரியின் படுகை மணல்மேடிட்டு உயர்ந்துவிட்டது, பக்கத்தில் பிரியும் கொள்ளிடம் தாழ்வாக ஓடியது. வரும் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி, தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். கீழே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். வீராணத்துக்குத் தண்ணீர் போவது அங்கிருந்துதான். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தை வைத்துத்தான் பின்னால் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டினார். கரிகாலன் பெயரைச் சொல்லும் ஒரு கட்டுமானம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருடம் கழித்து ஒரு பொறியாளருக்கு ஆசானாக இருந்திருக்கிறது. கல்லணைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

துறை என்று ஒன்று வந்தால் ஆள் வேண்டும். 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சர்வே பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார். அதுவே 1859-ல் சிவில் என்ஜினியரிங் கல்லூரி ஆனது. 1920-ல் கிண்டிக்குப் போனது. கிண்டி பொறியியல் கல்லூரியின் கதையும் பொதுப்பணித்துறையின் கதையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் கதை. துறைக்கு ஆள் வேண்டியதால்தான் கல்லூரி வளர்ந்தது.

ஆளுக்கு அப்புறம் இடம். கர்நாடக நவாபின் பட்டம் 1855-ல் முடிவுக்கு வந்ததும் சேப்பாக்கம் அரண்மனை சர்க்கார் கைக்கு வந்தது. அந்த வளாகத்தில் ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் நவாபின் இரண்டு மகால்களுக்கு நடுவே கோபுரம் ஒன்றை எழுப்பி, கட்டடங்களை இணைத்தார். கடற்கரைச் சாலையில், வாலாஜா சாலை திரும்பும் இடத்தில் சிவப்புச் செங்கல்லாகத் தெரிவது அந்த வளாகம்தான். ‘சேப்பாக்கம்’ என்றால் உங்களுக்குக் கிரிக்கெட் ஞாபகம் வரும். எங்களுக்குச் சி.இ. ஆபீஸ், அதாவது தலைமைப் பொறியாளர் அலுவலகம் ஞாபகம் வரும். சென்னையின் செங்கல் சிவப்புக் கட்டடங்கள் பலவும் அந்தக் காலத்தில் எழுந்தவைதான். சிஷோமுக்குப் பின் ஹென்றி இர்வின் வந்தார். 1892-ல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தில் அவர் பங்கு பெரிது. அதைக் கட்டி முடித்த காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி. ‘பி.டபிள்யூ.டி. காண்ட்ராக்டர்’ என்று இன்று நாம் சொல்கிற இனத்தின் மூத்தவர்களில் ஒருவர்.

கட்டடம் எழுந்த அதே காலத்தில் கிராமத்தில் என்ன நடந்தது? 1876-லிருந்து 1878 வரை தாது வருடப் பஞ்சம். சோறில்லாமல் ஊர் ஊராகச் செத்தார்கள். பஞ்ச நிவாரணம் என்று கூலி வேலை கொடுக்கும் பொறுப்பு இந்தத் துறை மேல் விழுந்தது. எலும்பும் தோலுமாக வந்தவர்களை மண் வெட்ட வைத்து, ஒரு நாள் முழுக்க உழைத்தவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்துக்கான கூலியைக் கொடுத்தார்கள். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஓடும் பக்கிங்காம் கால்வாயின் எட்டு கிலோமீட்டர் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான். இன்று அதன் மேலே பறக்கும் ரயில் ஓடுகிறது. மயிலாப்பூர் பக்கம் அந்தக் கால்வாயைத் தாண்டும்போது, அந்த மண்ணைச் சுமந்தவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சம் அடித்த அடியில் சர்க்காருக்கு இரண்டு புத்தி வந்தது. ஒன்று, இருக்கும் ஏரிகளை ஒழுங்காக அளந்து, குறித்து, சரிசெய்ய வேண்டும் என்பது. 1883-ல் ஏரி சீரமைப்புத் திட்டம் ஆரம்பித்தது. டி.ஆர்.எஸ். என்போம். ஒவ்வோர் ஏரிக்கும் ‘மெமாயர்’ என்று ஒரு ஏடு எழுதினார்கள். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பிரிவு அலுவலகத்தில், இரும்பு பீரோவின் அடித்தட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தது. பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது, கறுப்பு மையில் சாய்ந்த கையெழுத்து. நீர்ப்பிடிப்பு எத்தனை சதுர மைல், கரையின் நீளம், கரையின் மேல்மட்டம், முழு நீர்மட்டம், ஒவ்வொரு மதகின் அடிமட்டம், கலிங்கின் நீளம், ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், எத்தனை ஏக்கர், எந்த வருடம் எந்த இடத்தில் கரை உடைந்தது என்று வரிசையாக. ஒரு கோடையில் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போய் லெவல் கருவி வைத்துப் பார்த்தோம். மதகின் அடிமட்டம் ஏட்டில் உள்ளதோடு ஓர் அங்குலம்கூட மாறவில்லை. ஏரியின் தரைதான் மாறியிருந்தது. மூன்றடிக்கு மேல் வண்டல். ஏரியின் கொள்ளளவு எங்கே போனது என்று அந்த ஒரு காலை நேரத்தில் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது புத்தி, பெரியாறு. மேற்கே வீணாக ஓடும் ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வறண்ட மதுரைச் சீமைக்குக் கொண்டுவருவது. 1886 அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவோடு 999 வருடக் குத்தகை கையெழுத்தானது. 1887-ல் வேலை தொடங்கி 1895-ல் அணை திறந்தது. கட்டியவர் கர்னல் பென்னிகுயிக். இவர் நிஜமாகவே நம் துறைப் பொறியாளர். சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது சுட்ட செங்கல் பொடியும் கலந்த சாந்து. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்ட, மலேரியாவில் ஆட்கள் சாக, காட்டுக்குள் எட்டு வருடம். மலையைக் குடைந்த சுரங்கம் மட்டும் ஒரு மைலுக்கு மேல். தேனிப் பக்கம் ‘லோயர் கேம்ப்’ என்று ஓர் ஊர் இருக்கிறதே, அதன் பெயரே அணை கட்டிய முகாமிலிருந்து வந்ததுதான். அங்கே 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வரும் அந்த நாளில் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு பி.டபிள்யூ.டி. பொறியாளருக்கு ஊர்கள் பொங்கல் வைப்பது அங்கே மட்டும்தான் நடக்கிறது.

சரி, ‘அமைச்சர்’ எப்போது வந்தார்? 1919 இந்திய அரசுச் சட்டப்படி இரட்டை ஆட்சி வந்தபோது. இலாகாக்களை ‘மாற்றப்பட்டவை’, ‘ஒதுக்கப்பட்டவை’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். மாற்றப்பட்டவை மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரிகளுக்கு, ஒதுக்கப்பட்டவை கவர்னரின் நிர்வாகக் குழுவுக்கு. 1920-ல் நீதிக்கட்சியின் முதல் மந்திரிசபை அமைந்தது. முதன்மை மந்திரியான கடலூர் சுப்பராயலு ரெட்டியார் கல்வியோடு பொதுப்பணியையும் வைத்துக்கொண்டார். ஆனால் அவர் கைக்கு வந்தது சாலையும் கட்டடமும்தான். பாசனம் ஒதுக்கப்பட்ட பட்டியலில் போய்விட்டது. தண்ணீர் என்றால் வரி, வரி என்றால் அதிகாரம். அதை மந்திரிக்குக் கொடுக்க வெள்ளைக்காரர்கள் தயாராக இல்லை. அந்தத் தடை 1937-ல் நீங்கியது. ராஜாஜி மந்திரிசபையில் யாகூப் ஹசன் சேட் பொதுப்பணி மந்திரியானபோது இரட்டை ஆட்சி முடிந்துபோயிருந்தது, ஒதுக்கப்பட்ட இலாகா என்று எதுவும் இல்லை. நூறு வருடம் கழித்து 2021-ல் கட்டடம் ஒருவருக்கும் தண்ணீர் இன்னொருவருக்கும் என்று பிரிந்தபோது எனக்கு 1920 தான் ஞாபகம் வந்தது. காரணம் வேறு, ஆனால் கோடு கிழிந்தது அதே இடத்தில்.

1920-க்கும் 1937-க்கும் இடையில் துறையின் மிகப்பெரிய வேலை நடந்தது. மேட்டூர். காவிரியில் தண்ணீர் தேக்க மைசூர் ஒப்ப வேண்டும். பல வருடப் பேச்சுக்குப் பின் 1924 பிப்ரவரியில் மதராஸ்-மைசூர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே கண்ணம்பாடி (கிருஷ்ணராஜ சாகர்) அணை, இங்கே மேட்டூர் அணை. 1925-ல் தொடங்கி 1934 ஆகஸ்ட் 21-ம் தேதி திறந்தார்கள். அன்றைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டு எண்ணும் வீட்டு நம்பர் மாதிரி. திட்டத்தை வடிவமைத்த பொறியாளர் எல்லிஸ். உபரி நீர் போக்கிக்கு அவர் பெயர்தான், ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘பதினாறு கண் மதகு’ என்பார்கள். அதே திட்டத்தில்தான் கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டது. தஞ்சாவூர்க்காரர்கள் அதை இன்றும் ‘புது ஆறு’ என்கிறார்கள். அணையில் தண்ணீர் இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் இரட்டைக் கோபுர மாதா கோயிலும் வெளியே தெரியும். தண்ணீருக்கு அடியில் போன ஊர்களின் அடையாளம் அது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் போகும்போது, அது இந்த ஊர்களும் கொடுத்ததுதான்.

இனி வீடு பிரிந்த கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1927-ல் மின்சாரத்துக்குத் தனித்துறை, பின் 1957 ஜூலை 1-ல் மின்வாரியம். 1946-ல் நெடுஞ்சாலைத்துறை தனியானது. உங்கள் ஊர்ச் சாலையோர மைல்கல் அதிலிருந்துதான் வேறு கைக்குப் போனது. 1971-ல் குடிநீர் வடிகால் வாரியம். வீட்டுவசதி, குடிசை மாற்று, காவலர் குடியிருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம், தனிக் கழகம். எல்லாவற்றுக்கும் முதல் தலைமுறைப் பொறியாளர்கள் இங்கிருந்துதான் போனார்கள். அதனால்தான் பழைய ஆட்கள் பொதுப்பணித்துறையைத் ‘தாய்த்துறை’ என்பார்கள்.

பிரிந்து போனதற்கு நேர்மாறாகச் சேர்ந்ததும் உண்டு. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்ததும், ஜமீன்தார்கள் பார்த்து வந்த ஆயிரக்கணக்கான ஏரிகள் சர்க்கார் தலையில் விழுந்தன. பலவும் பல வருடம் கை வைக்காமல் கிடந்தவை. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் இணைந்தபோது, திருவிதாங்கூர் மராமத்து கட்டிய பேச்சிப்பாறை அணையும் நம்மிடம் வந்தது. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டுள்ள சிறு ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களுக்குப் போயின. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள். அவற்றில் சுமார் 14,000 தான் துறையின் கையில் மிஞ்சின.

சுதந்திரத்துக்குப் பின் ஓமந்தூரார் மந்திரிசபையில் பக்தவத்சலம் பொதுப்பணி மந்திரி. அந்தக் காலத்தில் தொடங்கி 1955-ல் முடிந்தது பவானிசாகர். அதிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோட்டு மேட்டு நிலத்தை நனைத்தது. அப்புறம் காமராஜர் காலம். 1957-லிருந்து 1962 வரை பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் கக்கன். மணிமுத்தாறு, அமராவதி, சாத்தனூர், கிருஷ்ணகிரி என்று அந்தச் சில வருடங்களில் அணைகள் வரிசையாக நிமிர்ந்தன. வைகை அணை 1959 ஜனவரி 21-ல் திறந்தது. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் அந்த வருடங்களில்தான் தாளிலிருந்து மலைக்கு ஏறியது. கோடிக்கணக்கான ரூபாய்க்கு வேலை நடந்த இலாகாவைக் கையில் வைத்திருந்த கக்கன், கடைசிக் காலத்தில் மதுரை அரசு ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் படுத்திருந்தார். துறையில் சேர்ந்த புதுப் பையன்களுக்கு மூத்த பொறியாளர்கள் அணைகளின் பெயரோடு சேர்த்து இதையும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்.

1967-ல் அண்ணா மந்திரிசபையில் பொதுப்பணி கலைஞர் கருணாநிதியிடம் இருந்தது. பக்தவத்சலம், கருணாநிதி என்று இந்த இலாகாவில் இருந்தவர்கள் முதலமைச்சர் ஆனதும், பின்னாளில் எடப்பாடி பழனிசாமி முதலமைச்சராக இருந்துகொண்டே இதை வைத்துக்கொண்டதும் தற்செயல் இல்லை. ஒவ்வொரு தாலுகாவிலும் ஆள் உள்ள துறை, ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேலை நடக்கும் துறை. துரைமுருகன் பல ஆட்சிகளில் இதன் அமைச்சராக இருந்தவர்.

1996-ல் துறைக்குள்ளேயே நீர்வள ஆதார அமைப்பு, கட்டட அமைப்பு என்று இரண்டு கிளை பிரிந்தன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. 2021 மே மாதம் புதிய அரசு வந்தபோது நீர்வளத்துறை தனித் துறையாகி துரைமுருகனிடம் போனது. கட்டடங்களோடு பொதுப்பணித்துறை எ.வ.வேலுவிடம் நின்றது. பிறந்த நாளிலிருந்து ஏரியைத் தூக்கிச் சுமந்த பெயர், ஏரியை விட்டுப் பிரிந்தது அப்போதுதான். இந்தப் பிரிவு தேவையா என்று என்னிடம் கேட்டால், தேவைதான் என்பேன். ஆஸ்பத்திரி கட்டுவதும் ஆற்றைப் பார்ப்பதும் வேறு வேறு வித்தை. ஒரு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) காலையில் கோர்ட் கட்டடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டு மாலையில் ஏரி உடைப்பைப் பார்க்க ஓடிய காலத்தில் இரண்டுமே அரைகுறையாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

துறை தவறிய இடங்களையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1-ல் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டு அடையாறு ஊருக்குள் புகுந்தது. ஏரியைக் கையாண்ட விதத்தைத் தணிக்கைத் துறை கடுமையாகக் குறை சொன்னது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில், காட்டன் கட்டிய அதே மேலணையில், ஒன்பது மதகுகள் வெள்ளத்தோடு போயின. 182 வருடம் நின்ற அணை. செய்தி வந்த அன்று நான் தூங்கவில்லை. புதிதாகக் கட்ட நூற்றுக்கணக்கான கோடி கிடைக்கிறது, ஆனால் ஒரு மதகின் சங்கிலிக்கு கிரீஸ் தடவ வருடா வருடம் கேட்கும் சில ஆயிரம் கிடைப்பதில்லை. நான் வேலையில் இருந்தவரை எழுதிய பராமரிப்பு எஸ்டிமேட்டுகளில் பாதிக்கு மேல் ‘நிதி இல்லை’ என்று திரும்பி வந்தவை. மராமத்து என்று பெயர் வைத்துக்கொண்டு பிறந்த துறைக்கு மராமத்துக்குத்தான் காசு கிடைக்கவில்லை. 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் ஏரிகளைத் தூர்வாரும் திட்டத்தைக் கொண்டுவந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஊர்க்காரர்களின் பங்கு எவ்வளவு உண்மையாக இருந்ததோ அவ்வளவு நன்றாக அந்த வேலை நின்றது.

கட்டடப் பக்கத்திலும் பழுதுபார்ப்பு ஓர் அருமையான கலை. சேப்பாக்கத்தில் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. இடித்துவிடலாம் என்றார்கள். துறையின் மரபுக் கட்டடப் பிரிவு அதை மறுபடி நிமிர்த்தியது. சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த பழைய சாந்து. அந்த வாசனையை ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள், புளித்த பதநீர் மாதிரி இருக்கும். இப்போது அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது.

துறை என்றால் அமைச்சரும் சி.இ.யும் மட்டும் கிடையாது. கடைசியில் ஒரு லஸ்கர் இருக்கிறார். மதகு திறந்து மூடுபவர், கரையை நடந்து பார்ப்பவர். நான் சேர்ந்த முதல் ஐப்பசியில் இரவு பதினோரு மணிக்கு லஸ்கர் அண்ணன் ஒருவர் என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. மணல் மூட்டையும் சவுக்குக் கம்பும் கரையில் தயாராகக் கிடந்தன. கரைக்கு வெளிப்பக்கம் அடிவாரத்தில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்தார். ஓர் இடத்தில் நின்று, கசிந்து வரும் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி டார்ச் அடித்துப் பார்த்தார். “தெளிஞ்சு வருதுங்க சார், பயமில்ல. கலங்கி வந்துச்சுன்னா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம், அப்ப ஊரைக் கூப்பிட்டுரணும்” என்றார். மண் அணைக்குள் குழாய் மாதிரி அரிப்பு உண்டாவது பற்றி நான்கு வருடம் படித்துவிட்டு வந்தவன் நான். உள்ளங்கையில் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. மூன்று ஏரிக்கு ஒருவர், பிறகு எட்டு ஏரிக்கு ஒருவர் என்று ஆனது.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். கல்லில் ‘பொ.ப.து.’ இருக்கிறது என்றால் பெரும்பாலும் உங்கள் ஏரியின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல். இனி மதகு ஒழுகினாலோ கரை சரிந்தாலோ மனுவை நீர்வளத்துறையின் பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். நகல் செயற்பொறியாளருக்கு. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ பற்றிய புகார் என்றால் அது பொதுப்பணித்துறைக் கட்டடப் பிரிவு. கரைமேல் போகும் தார்ச்சாலை நெடுஞ்சாலையுடையதா ஒன்றியத்துடையதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மனு மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். பிரிவு அலுவலகத்துக்குப் போகும்போது ஏரியின் மெமாயர் இருக்கிறதா என்று கேளுங்கள். தாத்தாவையும் கூட்டிப் போங்கள். ஏட்டில் எழுதியிருக்கும் உடைப்பு எந்த வருடம், எந்த இடம் என்று அவருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தக் கல்லை மட்டும் யாரும் பிடுங்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏரிப் புறம்போக்கின் எல்லை எது என்று நாளைக்குச் சர்வேயர் சங்கிலியோடு வந்தால், அவர் முதலில் தேடுவது அந்தக் கல்லைத்தான்.